நாக்கு வைத்த உறை

அந்தப் படம் 2002-இல் ஒரு நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் வந்தது. நான் காவலுக்கு நின்ற அமைச்சர் ஒரு பள்ளிக்கூட மேடையில் பிள்ளைகளுக்கு மிதிவண்டி கொடுக்கிறார். அவருக்கு இரண்டடி பின்னால், சாம்பல் நிறச் சஃபாரியில் நான். என் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. வலது கை முழுசாக விழுந்திருக்கிறது. அது இடுப்பில், சட்டைக்கு மேலாக, எதையோ கீழே அழுத்திக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை எங்கள் ஆய்வாளர் அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து, என் கையைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். திட்டவில்லை. "துப்பாக்கி எந்தப் பக்கம் இருக்கு, எவ்வளவு ஒசரத்துல இருக்குன்னு ஊருக்கே காட்டிட்டியேப்பா" என்றார். பிறகு கேட்டார்: "கை ஏன் அங்க போச்சு? வலிச்சுதா?"

வலித்தது. காலை ஆறு மணிக்கு மாட்டிய ஹோல்ஸ்டர். படம் எடுத்தபோது பிற்பகல் மூன்று இருக்கும். ஒன்பது மணி நேரமாக அதன் பின் விளிம்பு என் வலது இடுப்பெலும்பு மேட்டில் உட்கார்ந்திருந்தது. தெரிந்து தொட்டேன் என்று சொல்ல மாட்டேன். சொத்தைப் பல்லை நாக்கு தேடிப் போவதுபோலக் கை தானாகப் போயிருக்கிறது. அன்றைக்கு அது எத்தனை முறை போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்தக் கூட்டத்தில் யாராவது என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், முதலில் யாரைத் தட்ட வேண்டும் என்பதை அவருக்கு என் கையே சொல்லிக் கொடுத்திருக்கும்.

தனிப் பாதுகாவலருக்குச் சீருடை இல்லாததற்குக் காரணமே அதுதான். காக்கியில் நிற்பவரின் துப்பாக்கி வெளியே தெரியலாம். தெரிவதும் ஒரு காவல். பி.எஸ்.ஓ. என்று எங்களைச் சொல்வார்கள். எங்கள் துப்பாக்கி இருக்கும் இடம் எங்களுக்கு மட்டும் தெரிய வேண்டும். ஆனால் துறையில் என் தலைமுறைக்கு "உறுத்துது சார்" என்று சொல்ல வாய் வராது. பூட்ஸ் கடித்தால் கடிக்கட்டும், பெல்ட் அறுத்தால் அறுக்கட்டும் என்று பழக்கியிருந்தார்கள். உறுத்தாத ஹோல்ஸ்டர் வேண்டும் என்று கேட்பது சொகுசு கேட்பதாகப் பட்டது. அந்தச் சிவப்பு வட்டத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, உறுத்துகிற உறையைக் கட்டிக்கொண்டு துப்பாக்கியை மறைக்க முடியாது.

அதற்கு முன்பு என்னென்ன போட்டுப் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆயுதப்படையில் இருந்தபோது மூடி வைத்த தோல் உறை, கழுத்துக் கயிறு, பாயின்ட் மூன்று எட்டு ரிவால்வர். அதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. தனிப் பாதுகாவலுக்கு வந்ததும் தோள் உறை கொடுத்தார்கள். சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும். அதை மறைக்கக் கோட்டு வேண்டும். சென்னையில் யார் கோட்டு போடுகிறார்கள்? முதுகில் குறுக்கே ஓடும் வார்களின் கீழே வேர்க்குரு பட்டை பட்டையாக வரும். நான் போட்டதில் துப்பாக்கி படுக்கைவாட்டில் தொங்கும். குழல் முனை எப்போதும் எனக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணமே என்னை நிம்மதியாக நிற்க விடவில்லை. நான்கு மாதத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்தது பேன்ட்டுக்கு உள்ளே செருகும் உறை. மறைவுக்கு அதை மிஞ்சியது இல்லை; இன்றைக்கும் அதை ஒப்புக்கொள்வேன். ஆனால் அப்போது என்னிடம் இருந்தது இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 எம்.எம். ஆட்டோ பிஸ்டல். பிரவுனிங் ஹைபவர் என்ற பழைய வடிவத்தைப் பார்த்துச் செய்தது. முழுக்க எஃகு, 13 தோட்டா, நிரப்பினால் ஏறக்குறைய ஒரு கிலோ. அதை மே மாதத்தில் தோலோடு தோலாகச் செருகி வைத்தால் என்ன ஆகும்? வேர்வை உப்பு ஏறி, மறுநாள் காலையில் ஸ்லைடின் மேல் மஞ்சள் பொடிபோலத் துரு நிற்கும். ஆயுதக் கிடங்கை நாங்கள் பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்போம். அங்கே இருந்த ஆர்மரர் ஏட்டையா துணியால் துடைத்துத் துணியைத்தான் என்னிடம் காட்டுவார். என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. தவிர, பேன்ட்டை இரண்டு அங்குலம் பெரிதாகத் தைக்க வேண்டும். துப்பாக்கியைக் கழற்றிய நாளில் அதே பேன்ட் இடுப்பில் நிற்காது.

பிறகு பெல்ட்டில் கோத்துப் போடும் உறை. படத்தில் வந்தது அதுதான். அதில் எடை முழுவதும் பெல்ட் நுழையும் இரண்டு காடிகளில் தொங்குகிறது; அந்த இரண்டு இடமும் எலும்பின் மேல் வந்தால் தீர்ந்தது. கொஞ்சம் நகர்த்தி வைக்கலாம் என்றால் பேன்ட்டின் பெல்ட் பட்டி குறுக்கே வரும்.

பேடில் ஹோல்ஸ்டரை நான் முதலில் பார்த்தது வடக்கேயிருந்து பந்தோபஸ்துக்கு வந்த ஒரு பாதுகாவலரிடம். அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் பேன்ட்டுக்குள்ளிருந்து எதையோ அப்படியே உருவினார். துப்பாக்கி, உறை, உறையின் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளைந்த தகடு, எல்லாம் ஒரே பொருளாக வந்தது. பெல்ட்டை அவர் தொடவே இல்லை. பேடில் என்றால் துடுப்பு. அந்தத் தகடு பேன்ட்டுக்கும் பனியனுக்கும் நடுவில் போகிறது. உறை பெல்ட்டுக்கு வெளியே நிற்கிறது. நடுவில் பேன்ட் துணியும் பெல்ட்டும் சிக்கிக்கொள்கின்றன. தகட்டின் வெளிமுகத்தில் ஒரு பல் இருக்கும். அது பெல்ட்டின் கீழ் விளிம்பைக் கவ்வும். எடை இரண்டு காடிகளில் தொங்காமல் அந்தத் தகட்டின் பரப்பு முழுவதிலும் பரவிவிடுகிறது. பெல்ட் பட்டி எங்கே இருக்கிறது என்ற கவலை இல்லை. அரை அங்குலம் முன்னே பின்னே நகர்த்தி எலும்புக்குத் தப்பலாம்.

அடுத்த வாரமே ஒன்று வாங்கினேன். மலிவான கெட்டிப் பிளாஸ்டிக். அதில்தான் என் வேலையிலேயே பெரிய பாடம் கிடைத்தது.

ஒத்திவாக்கம் சுடுதளத்தில் பயிற்சி. ஊதல் சத்தம் கேட்டதும் சட்டையை ஒதுக்கி, பிஸ்டலை உருவி, இலக்கை நோக்கி நீட்டினேன். என் கையில் நீண்டது பிஸ்டல் மட்டும் இல்லை. உறையும் தகடும் சேர்ந்து அதைக் கவ்விக்கொண்டே வந்திருந்தன. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களைச் சுடச் சொல்லிவிட்டு என்னை ஓரமாக நிற்க வைத்தார். அன்று அது இலக்குப் பலகையாக இருந்தது. ஒரு மனிதனாக இருந்திருந்தால், நான் காக்க வேண்டியவர் போயிருப்பார்.

குற்றம் ஹோல்ஸ்டருடையது என்றுதான் முதலில் நினைத்தேன். சாயங்காலம் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து நூறு முறை மாட்டிக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. என் பெல்ட் ஒரு அங்குல அகலமுள்ள மெல்லிய ஃபேன்ஸி பெல்ட். பல் கவ்வுவதற்காகக் காத்திருந்த இடத்துக்குப் பெல்ட்டின் விளிம்பு வந்து சேரவே இல்லை. பல் வெறும் துணியில் வழுக்கிக்கொண்டிருந்தது. பேடில் வாங்கப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உறையை அப்புறம் பாருங்கள், முதலில் பெல்ட்டைப் பாருங்கள். ஒன்றரை அங்குல அகலம், இரட்டைத் தோல், நடுவில் தையல். இரண்டு கையாலும் முறுக்கினால் முறுகக் கூடாது. பல் அந்த அகலத்துக்கு என்றே அளவு வைத்ததா என்று கடையிலேயே மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு வெறும் கையால் மேலே இழுங்கள். பேன்ட்டே மேலே வர வேண்டும்; உறை மட்டும் வரக் கூடாது.

அந்த மலிவுத் தகட்டில் இன்னொரு குறையும் இருந்தது. அது தட்டையானது. மனித இடுப்பு தட்டையில்லை. மேலே உட்குழிந்து, நடுவில் எலும்பாகப் புடைத்து, கீழே மறுபடி சரிகிறது. தட்டைத் தகடு எலும்பு மேட்டில் மட்டும் உட்காரும். மேலும் கீழும் காற்றில் நிற்கும். எடை பரவும் என்று நம்பி வாங்கினால் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில்தான் மொத்த எடையும் இறங்கும். அந்த இடத்தில் என் தோல் கறுத்துப் போயிற்று. இன்றும் அந்தக் கறுப்பு இருக்கிறது.

சென்னைப் பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் தோல் மண்டிகள் இருக்கும். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனால் வாசனையே வழி சொல்லும். அங்கே ஒரு சின்னக் கடையில் பெல்ட், பை, சினிமாக் கம்பெனிகளுக்கு வேண்டிய துப்பாக்கி உறைகள் தைத்துக்கொண்டிருந்தார் ஒரு பாய். ஆம்பூர்க்காரர். நல்ல பெல்ட் வாங்கத்தான் போனேன். என் ஹோல்ஸ்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், தகட்டைக் காட்டி, "இந்த நாக்குதான் சார் உங்களுக்கு எதிரி" என்றார். அன்றிலிருந்து எனக்கும் அது நாக்குதான்.

தோலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தந்தது. குரோம் போட்டுப் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும். செருப்பின் மேல்பாகத்துக்கும் கைப்பைக்கும் அது நல்லது. உறைக்கு ஆகாது. "அது தலகாணி மாதிரி சார். அமுக்குனா அமுங்கும், விட்டா எழும்பும். ஞாபகம் கெடையாது. பட்டை போட்ட தோலுக்கு ஞாபகம் உண்டு." அவர் சொன்ன பட்டை ஆவாரம்பட்டை. திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுப் பக்கம் பரம்பரையாகப் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிடும் தோலை வியாபாரத்தில் ஈ.ஐ. தோல் என்பார்கள், கிழக்கிந்தியா என்பதன் சுருக்கம். பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டைச் சத்து பிடித்துக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து ஒரு பொருளின் மேல் அழுத்திக் காயவிட்டால், இந்தத் தோல் அந்தப் பொருளின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும். துப்பாக்கியை உருவிய பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்கும். இது அழகுக்காக இல்லை. வாய் தளர்ந்து மடிகிற உறைக்குள் துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது, மடிந்த தோல் டிரிக்கர் வளையத்துக்குள் போய் டிரிக்கரை அழுத்தினால் குண்டு வெடிக்கும். வெடிப்பது சொந்தத் தொடையில். பழைய தோல் உறையின் மேல் பாசம் வைத்துக் காலம் கடந்தும் கட்டுகிறவர்களை நான் விடாமல் கண்டித்திருக்கிறேன்.

பாய்க்கு ஒரு அச்சு தேவைப்பட்டது. அரசாங்கப் பிஸ்டலைக் கடையில் விட்டுவிட்டு வர முடியாது. எடுத்து மேசையில் வைப்பதுகூட முறையில்லை. ஆகவே நான் பெல் ஆஃப் ஆர்ம்ஸில் ஏட்டையா முன்னிலையில் காகிதத்தில் அதன் உருவத்தை வரைந்து, கனத்தைக் காலிப்பரில் அளந்து குறித்துக்கொண்டேன். காவலர் குடியிருப்பில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் இருந்த ஆசாரி அதை வேப்ப மரத்தில் செதுக்கித் தந்தார். மூன்று முறை திருத்தினோம். பாய் நனைத்த தோலை அந்த மரத்தின் மேல் வைத்து, மழுமழுவென்று தேய்ந்த ஒரு எலும்புத் துண்டால் ஓரம் ஓரமாக நீவினார். டிரிக்கர் வளையத்தை உறை முழுவதும் மூட வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்.

நாக்குக்கு அவர் செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. "உங்க இடுப்பு எனக்கு வேணுமே சார்" என்றார். அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவில் வேலை பார்த்த நண்பரிடம் மாவுக்கட்டுத் துணி வாங்கி வரச் சொன்னார். கடையின் பின்கட்டில் என்னை நிற்க வைத்து, வலது இடுப்பில் நனைத்த மாவுக்கட்டைப் பரத்தி, இறுகும்வரை பேசிக்கொண்டிருந்தார். இறுகிய ஓட்டை எடுத்து உள்ளே பார்த்தபோது என் எலும்பு மேடு அதில் ஒரு சின்னக் குழியாக விழுந்திருந்தது. நீல நிறத் தண்ணீர் டிரம் ஒன்றை வெட்டி, அந்தப் பிளாஸ்டிக்கைச் சூட்டில் இளக்கி, ஓட்டின் வளைவுக்கு வளைத்தார். எலும்பு வரும் இடத்தில் உள்ளங்கைக் குழிபோல ஒரு பள்ளம். விளிம்புகளை அரத்தால் உருட்டி, இருபுறமும் மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டித் தைத்தார். முதலில் உடம்புப் பக்கத்தில் சொரசொரப்பான மறுபுறம் வெளியே வரும்படி ஒட்டியிருந்தார். வழுக்காது என்பது அவர் கணக்கு. ஒரே கோடையில் அது வேர்வையைக் குடித்து அட்டைபோல விறைத்துவிட்டது. பிறகு வழவழப்பான பக்கத்தை வெளியே வைத்துத் தேன்மெழுகு தேய்த்தோம். வேர்வை அதில் நிற்காமல் வழிந்துவிடும். பனியனை உள்ளே விட்டு நாக்கை அதன் மேல் வைக்க வேண்டும் என்பதையும் அந்தக் கோடையில்தான் கற்றுக்கொண்டேன். வெறும் தோலில் எந்த நாக்கும் சாயங்காலம்வரை சமாதானமாக இருக்காது.

இடம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். பயிற்சியில் இடுப்பைக் கடிகாரமாக வைத்துச் சொல்லித் தருவார்கள். தொப்புள் 12 மணி. வலது இடுப்பின் நேர் பக்கம் 3 மணி. எல்லாரும் 3 மணியில்தான் வைக்கச் சொல்வார்கள், கை நேராகப் போகும் என்று. என் எலும்பு மேடு சரியாக அங்கேதான் இருந்தது. 4 மணிக்குத் தள்ளினால் எலும்புக்குப் பின்னால் இயற்கையாகவே ஒரு பள்ளம் இருக்கிறது. உறை அதில் போய் அமர்ந்துகொள்ளும். கைப்பிடி பின்னால் துருத்திச் சட்டையைத் தூக்காமல் இருக்க உறையைப் பதினைந்து டிகிரி அளவுக்கு முன்னால் சாய்க்க வேண்டும். ஆனால் 4 மணியில் வைத்தால் கார் சீட்டின் முதுகு அதை உள்ளே தள்ளும். அம்பாசிடரின் முன் சீட்டில் சென்னையிலிருந்து மதுரை வரை போனவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். முழு எட்டு மணி நேரம் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டை விரல் குத்திக்கொண்டிருப்பதுபோல. கடைசியில் நான் மூன்றரை மணியில் நிலைத்தேன். இது என் உடம்புக்கு. இன்னொருவர் அதே எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கண்ணாடி முன் நின்று "தெரியவில்லை, நன்றாக இருக்கிறது" என்று ஹோல்ஸ்டர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நின்றுகொண்டிருக்கும்போது எந்த உறையும் உறுத்தாது. எங்கள் வேலையில் நிற்பது பாதிதான். கட்சிக்காரர் வீட்டில் பாய் விரித்தால் சம்மணம் போட வேண்டும். கல்யாணப் பந்தியில் தலைவரோடு உட்கார வேண்டும். வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து ஓரடி ஓட வேண்டும். செருப்புக் கழற்றக் குனிய வேண்டும். ஆகவே கடையிலேயே தரையில் சம்மணம் போட்டு ஐந்து நிமிஷம் உட்காருங்கள். நாக்கின் கீழ் நுனி தொடை மடிப்பில் குத்துகிறதா, கைப்பிடி விலாவில் ஏறுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். எழுந்த உடனே சட்டையைக் கீழே இழுத்துவிடத் தோன்றுகிறதா என்று உங்களையே கவனியுங்கள். தோன்றினால் அந்த உறை வேண்டாம்.

என்னோடு பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர் இருந்தார். பேன்ட்டும் நீளச் சட்டையும் போட்டுப் பாதுகாவலுக்கு வருவார். எனக்குச் சுகமாக இருந்த அதே வடிவத்தை அவருக்கும் செய்து கொடுத்தோம். இரண்டே நாளில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ஏட்டையா, இது ஆம்பளைங்க இடுப்புக்குச் செஞ்சது. எனக்குக் கைப்பிடி விலாவுல இடிக்குது" என்றார். பெண்களுக்கு இடுப்புப் பட்டை மேலே உட்காருகிறது. கீழே இடுப்பு விரிவதால் உறையின் அடிப்பாகம் வெளியே தள்ளப்பட்டு மேல்பாகம் உள்ளே சாய்கிறது. பாய் உறையை ஒன்றரை அங்குலம் கீழே இறக்கி, நாக்குக்கும் உறைக்கும் நடுவில் மேல்பக்கம் தடித்த ஒரு தோல் ஆப்பு வைத்தார். சாய்வு நேரானது. அந்த அம்மாள் கேட்டிருக்காவிட்டால், பல வருஷம் பெண் காவலர்களை ஆண்களின் உறைக்குள் திணித்துக்கொண்டே இருந்திருப்போம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்.

பேடிலின் உண்மையான அருமை எனக்குத் தெரிந்தது திருச்செந்தூரில். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அமைச்சர் திடீரென்று தரிசனம் என்றார். பெல்ட் உறையாக இருந்தால் காருக்குள் உட்கார்ந்து பிஸ்டலை உருவி, எங்கேயோ வைத்து, பெல்ட்டை அவிழ்த்து, உறையைக் கழற்றி, திரும்ப அதில் பிஸ்டலைச் செருக வேண்டும். வெளியே கண்ணாடியில் முகம் வைத்துக் கூட்டம். பேடிலில் கட்டை விரலால் பல்லை விடுவித்து, அப்படியே உயர்த்தி எடுத்து, வெளியே நிற்கப்போகிற கூட்டாளியின் கைப்பையில் வைத்தேன். பிஸ்டல் உறையைவிட்டு வெளியே வரவே இல்லை. டிரிக்கரை யார் விரலும் நெருங்கவில்லை. துப்பாக்கி தவறி வெடிக்கிற சம்பவங்களில் அநேகம் அதைக் கையில் எடுத்து வைக்கும்போது நடப்பவை. எடுக்காமலே கழற்ற முடிவது எவ்வளவு பெரிய காப்பு! பின்னாளில் கிளாக் 17 வந்தபோது இது இன்னும் முக்கியமாயிற்று. 17 தோட்டா, நிரப்பினாலும் 900 கிராம் சுற்றித்தான். இடுப்புக்கு அது வரப்பிரசாதம். ஆனால் விரலால் தள்ளிப் பூட்டும் சேஃப்டி அதில் இல்லை. டிரிக்கரிலேயே காப்பு அமைந்திருக்கிறது. எது அதை முழுசாக அழுத்தினாலும் சுடும். உறைதான் அதற்குப் பூட்டு.

இந்த வசதிக்குள் ஒரு ஆபத்தும் உண்டு. எளிதாகக் கழற்றுவதை எளிதாக மறந்துவிட்டும் வரலாம். வெளியூர் விருந்தினர் மாளிகையில், கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் பேடிலோடு பிஸ்டலை வைத்துவிட்டு வாசல்வரை வந்தவன் நான். பத்து எட்டுதான். இடுப்பு லேசாக இருப்பதை உணர்ந்து திரும்பி ஓடினேன். யாரும் உள்ளே போயிருக்கவில்லை. அன்றிரவு தூங்கவில்லை. அதற்குப் பிறகு நீள வார் வைத்த ஒரு சின்னத் துணிப்பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கழற்றினால் அந்தப் பையில், பை என் கழுத்தில். ஆணி, கொக்கி, தொட்டி, ஜன்னல் திட்டு எதுவும் கிடையாது. எனக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், என் தவற்றையும் சேர்த்து.

கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு அவருடைய பாதுகாவலரும் காவலர்களும் உயிர் விட்டபோது நான் ஆயுதப்படையில் இளைஞன். பிறகு இந்தப் பணிக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த இரவு மனத்தின் அடியில் இருந்தது. எங்கள் முதல் வேலை சுடுவது இல்லை. உடம்பால் அவரை மூடி, அங்கிருந்து நகர்த்துவது. இடது கை அவர் முதுகில். வலது பக்கம் முழுக்கக் கூட்டம். பேடில் உறை, பேன்ட்டுக்குள் செருகும் உறையைவிட வெளியே தள்ளி நிற்கும். இது அதன் மெய்யான குறை, மறைப்பதற்கில்லை. கூட்டத்தில் யாருடைய முழங்கையோ அதில் இடிக்கும். யாரோ ஒருவரின் விரல் தற்செயலாகவோ வேண்டுமென்றோ அதைப் பிடிக்கும். ஆகவே கட்டை விரலால் தட்டித் திறக்கும் பட்டை இல்லாத உறையை நான் ஏற்கவில்லை. அந்தப் பட்டையால் உருவுவதற்கு அரை விநாடி கூடுதலாகும் என்று இளைஞர்கள் வாதிடுவார்கள். வீட்டில் தினமும் ஐம்பது முறை, காலிப் பிஸ்டலோடு, சுவரைப் பார்த்துப் பழகினால் அந்த அரை விநாடி கரைந்துவிடும். பறிபோன துப்பாக்கி திரும்பி வராது.

ஒரே சட்டையோடு காலையிலிருந்து இரவுவரை கழற்றாமல் இருக்கக்கூடியவருக்கு நல்ல பெல்ட் உறையே போதும். உடம்போடு இன்னும் ஒட்டி, இன்னும் உறுதியாக நிற்கும். நாளுக்கு நான்கு முறை கழற்றி மாட்ட வேண்டியவருக்குத்தான் பேடில். பிளாஸ்டிக் பேடில் வாங்கினால் நாக்கை உறையோடு சேர்க்கும் திருகாணிகளை வாரம் ஒருமுறை பாருங்கள். நடக்க நடக்க அவை தளரும். என் மகளின் நகப்பூச்சை ஒரு துளி விட்டால் மாதக்கணக்கில் அசையாது. தோல் உறையில் இரவு முழுக்கத் துப்பாக்கியை விட்டு வைக்காதீர்கள். நம் கடற்கரைக் காற்றில் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். டெய்லரிடம் சஃபாரியின் வலது பக்கத்தை மட்டும் அரை அங்குலம் தளர விடச் சொல்லுங்கள்.

2020-இல் பணி முடிந்த அன்று பிஸ்டலையும் மேகசின்களையும் எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்திட்டேன். உறை என் காசில் செய்தது, வீட்டுக்கு வந்தது. வடிவம் கெட்டுவிடக் கூடாதே என்று அதற்குள் அந்த வேப்ப மர அச்சைச் செருகி வைத்திருக்கிறேன்.

போன வருஷம், புதிதாகப் பாதுகாவலுக்கு வந்த ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். உட்கார்ந்து பேசிய கால் மணி நேரத்தில் அவர் கை ஏழு முறை இடுப்புக்குப் போயிற்று. என் உறையை அவருக்குக் கொடுக்கத் தோன்றியது. மாட்டிப் பார்த்தோம், ஆகவில்லை. அது என் எலும்பின் குழி. பெரியமேட்டுக்கு அழைத்துப் போனேன். பாய் இப்போது இல்லை; மகன் நடத்துகிறார். அவரும் மாவுக்கட்டைத்தான் கேட்டார்.

மூன்று வாரம் கழித்து வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். தம்பி மாட்டிக்கொண்டு கடையின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மழை பிடித்துக்கொண்டதால் ஐந்து நிமிஷம் அரை மணி நேரமாயிற்று. பிறகு எழுந்தார். கடைப் பையன் டீ கொண்டுவந்து நீட்டினான். இடது கையால் வாங்கிக்கொண்டு, வெளியே மழையைப் பார்த்தபடி குடித்தார். வலது கை தொடையோரம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.